டெய்லர் பார்த்த பேட்டரி

நர்ஸம்மாவின் காருக்குப் பதினோரு வயது. ஓட்டுவது நர்ஸம்மா, மற்ற சகலமும் அவருடைய கணவர் டெய்லர். அவரும் ஒரு காலத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவர்தான். இருபது வருடம் தையல் மிஷினை மிதித்துப் பழகிய கால், ஆக்சிலரேட்டரையும் விட்டு விட்டு மிதித்தது. வண்டி தவளை மாதிரித் தாவித் தாவிப் போய் எதிர்வீட்டு கேட்டில் முட்டி நின்றது. அன்றே சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு பானட்டுக்குள் தலையை விட்டார். அதற்குப் பிறகு அவரைத் தேடுகிறவர்கள் அங்கேதான் தேடவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரிக்கு அவர் செய்யும் உபசாரத்தைப் பார்த்தால் வீட்டு மாப்பிள்ளைக்கே பொறாமை வரும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றுவார். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். டிஸ்டில்டு வாட்டரைக் கோடு வரை ஊற்றி, மேலே வாஸ்லின் தடவுவார். ராத்திரி பகல் பார்க்காமல் பிரசவம் பார்க்கப் போகிற மனைவிக்குத் தன்னால் ஆன ஒத்தாசை இது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்று காலை ஆறு மணிக்கு போன் வந்தது. ஊருக்கு வெளியே மரப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு மனைவியோடு அங்கேயே குடியிருக்கும் பையன். "நர்ஸம்மா, அவளுக்கு ராத்திரியே வலி. சூட்டு வலின்னு இருந்துட்டோம், இப்ப பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்." அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவம். காரில் போனால் பதினைந்து நிமிஷம். நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"என்னங்க, வண்டி எடுக்க மாட்டேங்குது."

டெய்லர் பனியனோடு வந்தார். "ஹெட்லைட்டப் போடு." விளக்கு நன்றாகவே எரிந்தது. "இப்ப சாவியத் திருப்பு." திருப்பியதும் விளக்கு செத்துப்போனது. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. அது ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பது, பானட்டைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பிளஸ் முனையில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தேய்ந்துபோய், எவ்வளவு முறுக்கினாலும் லொடலொடவென்று ஆடியது. லூசான இடுப்பைப் பிடித்துத் தைத்தே பிழைப்பு நடத்துகிறவர் என்ன செய்வார்? நல்ல காடாத் துணியில் விரல் அகலத்துக்குப் பட்டை கிழித்து, முனையில் சுற்றி, அதன் மேல் கிளாம்பை மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. துணி வழியாக கரண்ட் போகாது என்பது உறைக்கவேயில்லை. எங்கோ ஓர் ஓரத்தில் கிளாம்ப் முனையை உரசிக்கொண்டிருந்த புண்ணியத்தில் வண்டி நாலு நாள் ஓடியிருக்கிறது.

துணியை உருவி எடுத்தார். அது இல்லாமல் கிளாம்ப் மறுபடி ஆடியது. ஓட்டமாக உள்ளே போய், இஸ்திரிப் பெட்டியின் ஒயரைக் கத்தரிக்கோலால் ஒரு சாண் வெட்டினார். அன்றைக்கு டெலிவரி கொடுக்கவேண்டிய ஆறு பேண்டும் மடிப்பு இல்லாமல் போனால் போகட்டும். தோலைச் சீவி, செப்புக் கம்பிகளைப் பிரித்து, நூல்கண்டில் நூல் சுற்றுவது போல முனையைச் சுற்றிச் சுற்றி, கிளாம்பை மாட்டி முறுக்கினார். ஆடவில்லை.

"என்னங்க ஆச்சு?"

வெள்ளை பூத்திருந்தது என்று சொன்னால் போதும். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? துணி அவர் கைக்குள்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நிமிஷத் தூரத்தில் ஒரு பெண் துடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் பொய் வாயில் நிற்கவில்லை.

"நான்தாம்மா காரணம். லூசா இருக்கேன்னு இந்தத் துணியச் சுத்தி வெச்சேன்." இனி பானட்டைத் தொட விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே துணியை நீட்டினார்.

நர்ஸம்மா துணியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

"சட்டையப் போட்டுட்டு ஏறுங்க."

மரப்பட்டறை வாசலில் நர்ஸம்மா இறங்கும்போது, "எதுக்கும் வண்டி ஓடிட்டே இருக்கட்டும். நீங்க பாத்துக்கங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ஓட்டத் தெரியாத டெய்லர், ஓடுகிற இஞ்சினுக்குக் காவலாகக் கியர் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தார். கிளாம்ப் கழன்றுவிடுமோ என்று நாலு தடவை இறங்கிப் பார்த்தார். ஐந்தாவது தடவை இறங்கியபோது உள்ளே குழந்தை அழுதது. இவரும் பானட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தப் பையன் தண்ணீர்ச் சொம்போடு வந்தான். "பொண்ணு பொறந்திருக்கு. அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்க. வெளிய எங்க மெக்கானிக் இருக்காரு, அவருக்குத் தண்ணி குடுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனபிறகு நர்ஸம்மா காரில் வந்து உட்கார்ந்தார்.

"மெக்கானிக்குன்னா சொன்னே?" என்றார் டெய்லர், அவரைப் பார்க்காமல்.

"பின்ன? போற வழியில புதுக் கிளாம்ப் வாங்கிக்கலாம். நீங்களே மாட்டுங்க. என் வண்டியில இன்னொருத்தர் கைய வெக்க வேண்டாம்."