மாடிப்படிக்கு ஒரு மூடி

கல்கத்தாவில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு பழைய வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில். கட்டியவருக்குத் திருட்டுப் பயம் தலைக்கேறியிருக்க வேண்டும். மாடிக்கு ஒரே படிக்கட்டு, அதுவும் ஒரு ஆள் ஒடுங்கி ஏறும் அகலம். அதன் உச்சியில் கிணற்றுக்குப் போடுவதுபோல் ஒரு மூடி, கனத்த மரத்தில் இரும்புப் பட்டை அடித்தது. கொள்ளைக்காரர்கள் வந்தால் பெண்டுகளும் நகைப்பெட்டியும் மேலே போனதும் மூடியைச் சாய்த்துவிடுவார்களாம். மற்ற நாளில் அது சுவரோடு நிமிர்ந்து நிற்கும், ஒரு மரமுளையின் தயவில். முற்றத்தைச் சுற்றி உயர்ந்த சுவர்கள். பெண்கள் குரல் தெருவுக்குக் கேட்காது.

முற்றத்தின் மறுபக்கம் வீட்டுக்காரரின் மருமகள் இருந்தாள். என் ஒன்றரை வயதுப் பெண்ணைக் கண்டால் கை நீட்டுவாள். நானோ மடி ஆசாரத்தில் ரொம்பக் கறார்.

"குழந்தையைத் தொட வேண்டாம்னு அவாகிட்ட சொல்லிடுங்கோ. மீன் சாப்பிடற கை," என்றேன் என் கணவரிடம். அவரும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் தன் வாசற்படியைத் தாண்டவில்லை.

ஒருநாள் அவர் ஆபீசுக்குப் போன பிறகு, குழந்தை கீழே தூங்கும் நேரம் பார்த்து, மடிப்புடவையை உலர்த்த மாடிக்குப் போனேன். கொடி கட்ட இடம் தேடி, போயும் போயும் அந்த முளையில் கட்டினேன். ஈரமான ஒன்பது கஜத்தின் கனம் முளையைப் பிடுங்கிவிட்டது. மூடி விழுந்ததில் வீடே அதிர்ந்தது.

மூடியில் இருந்த இரும்பு வளையத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கீழே குழந்தை வீறிட்டாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது. முற்றத்தைப் பார்த்திருந்த மாடி வராந்தாவுக்கு ஓடிப் பார்த்தேன். குழந்தை முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தினேன். என் குரலைக் கேட்டு, தண்ணீருக்குள் என்னைத் தேடி இன்னும் எம்பினாள். கால்கள் தரையை விட்டன. தலை உள்ளே போயிற்று.

மூடி விழுந்த சத்தத்துக்கோ, நான் கத்தியதற்கோ மறுபக்கத்துக் கதவு திறந்தது. மருமகள் வாசற்படியில் ஒரு கணம் தயங்கி நின்றாள். அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் இன்றும் மன்னிக்கவில்லை. பிறகு பாய்ந்து வந்து தூக்கினாள். குழந்தை இருமி, தண்ணீரைக் கக்கி, அழுதாள்.

நனைந்த குழந்தையை மார்போடு அணைத்தபடி அவள் மேலே பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. எனக்குப் புரிய வேண்டுமே என்று வங்காளியில் நிறுத்தி நிறுத்தி, அக்கா முறை வைத்துச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதே தீதி. தொட்டுட்டேன்."