நடுச்சுவர் மேல் வைத்த ஸ்பீக்கர்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு ஒரே நீள அறை. கேசட் செட் வாங்கியபோது அதன் இரண்டு ஸ்பீக்கர்களையும் எதிரெதிரே வைக்க இடமில்லை. பக்கத்து வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் கூரை வரை போகாது. அதன் மேல் ஒன்றை ஏற்றினேன். சத்தத்தைக் கூட்டியதும் அது அதிர்ந்து நகர்ந்து, அந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ராக்கம்மா அக்காவின் பலகையில் விழுந்தது. தலை தப்பியது.

அங்கே வந்த, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை என்னிடம், “லயத்துல இருக்கிறவளுக்கு ரெண்டு ஸ்பீக்கர் கேக்குதோ? செட்ட வித்துடு” என்றார்.

அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். “விழுந்தது எங்க வீட்டுலங்க. நானே ஒண்ணும் சொல்லல, ஒங்களுக்கு என்னங்க?”

இப்போது சுவர் மேல் எதையும் வைப்பதில்லை. ஒரு ஸ்பீக்கர் எங்கள் வீட்டுத் தரையில். மற்றதன் வயரைச் சுவருக்கு மேலாக விட்டு, அக்கா வீட்டுத் தரையில் வைத்திருக்கிறோம். கணக்கப்பிள்ளை வந்தாலும் சத்தத்தைக் குறைப்பதில்லை.