முதல் பிள்ளை வரைக்கும்

அறுபதுகளின் கடைசியில் நான் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தபோது, அம்பத்தூரில் எங்கள் தெருவில் யாருமே விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். அவரைப் பெற்றவர்கள் நெமிலிச்சேரியில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் வந்தது. உயரமும் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

காலையில் என்னை மீனம்பாக்கம் கூட்டிப்போகக் கம்பெனி கார் வரும். எதிர்வீட்டுக்காரி அம்மாவை மடக்கினாள். "இன்னாக்கா, வெள்ளன காரு வந்து பொண்ண இட்டுகினு போவுது? இன்னா வேலைனுதான் சொல்லேன்."

அம்மா அசரவில்லை. "ஏரோப்ளேன்ல வேல. ஒம் புருசன் ரயில்ல போறான், எம் பொண்ணு ஆகாசத்துல போறா. போதுமா?"

சேரும்போதே நிபந்தனைகளை வாசித்துக் காட்டியிருந்தார்கள். நான்கு வருஷத்துக்குக் கல்யாணம் கூடாது. எடை கூடக் கூடாது. கல்யாணமானபின் முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது. அப்படி நேராவிட்டாலும் முப்பத்தைந்தில் ஓய்வு. அதே விமானத்தில் அதே தட்டுகளை ஏந்திய ஆண்களுக்கோ ஐம்பத்தெட்டு வரை வேலை. அவர்கள் எப்போது கட்டினார்கள், எத்தனை பெற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு. முப்பத்தைந்தில் கிழவியாகிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

நான்கு வருஷம் முடிந்ததும், என்னோடு பறந்த ஸ்டூவர்டு ஒருவரைக் கட்டிக்கொண்டேன். பூந்தமல்லிக்காரர். அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தோம். சீக்கிரமே எனக்கு நாள் தள்ளிப்போனது.

"எப்ப ஆபீஸ்ல சொல்லப் போற?" என்றார் கணவர்.

"அவங்களா கண்டுபுடிக்கட்டும்."

அம்மாதான் பயந்தாள். "வவுத்துல புள்ளய வெச்சிகினு மேல போயி இன்னாடி சர்க்கஸ் காட்ற? உட்டுட்டு வந்துடு."

நான் விடவில்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினேன். வாந்தி வந்தால் விமானக் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் சிரித்த முகத்தோடு மிட்டாய்த் தட்டை நீட்டினேன். எடை பார்க்கும் நாளில் மாட்டிக்கொண்டேன். மருத்துவர் முள்ளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எத்தனாவது மாசம்?" என்றார்.

அதிகாரி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"ரூல் இருக்கேம்மா. நான் என்ன செய்ய முடியும்?"

"சம்பளமில்லாத லீவு குடுங்க சார். பிரசவம் ஆனதும் வந்துடறேன்."

"அதுக்கு ரூல்ல இடமில்லயே."

"குழந்தையோட அப்பாவும் இங்கதானே சார் இருக்கார்?"

அவர் சிரித்தார். "ஆமாம், மறந்தே போச்சு. அவருக்கு வாழ்த்துச் சொல்லணும்."

சொல்லவும் சொன்னார். என் கணவர் இனிப்பு வாங்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வழக்கம்போல டில்லிக்குப் பறந்தார். நான் சீருடைப் புடவைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மகள் நடக்கத் தொடங்கியிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் ரயில் பிடித்து அம்பத்தூர் வந்தார்கள். வழக்குப் போடப் போவதாகவும், இப்படி வேலை இழந்தவர்களின் வாக்குமூலம் வேண்டும் என்றும் சொன்னார்கள். கணவர் அவர்களுக்குத் தன் கையாலேயே காபி கலந்து கொடுத்தார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் கதவைச் சாத்தினார்.

"நான் இன்னும் அங்கதான் வேலை செய்யறேன். நீ கேஸுக்குப் போனா என் ப்ரமோஷன் என்ன ஆவும்?"

"என் வேலையே போயிடுச்சே."

"அது போனது போனதுதானே. இப்ப இதையும் கெடுக்கணுமா?"

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போய், வக்கீலிடம் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்திட்டு வந்தேன். பல நாள் கணவர் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அவருடைய பதவி உயர்வு எந்தத் தடையும் இல்லாமல் வந்தது.

அதற்கு வீட்டில் விருந்து வைத்தோம். பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்திருந்த புது அதிகாரி, நான் பரிமாறுவதைக் கவனித்துவிட்டு, "நீங்க எங்கேயாவது வேலை பார்த்தீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்: "இல்ல சார், வீட்டைப் பார்த்துக்கறாங்க." எங்களோடு பறந்த இருவர் அந்தப் பந்தியில் இருந்தார்கள். இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எழுபதுகள் முடிந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. முதல் கர்ப்பத்துக்காகப் பெண்ணை வேலையை விட்டு அனுப்புவது செல்லாது என்றது நீதிமன்றம். ஆணுக்கு ஒரு ஓய்வு வயது, பெண்ணுக்கு ஒரு ஓய்வு வயது என்பதில் குற்றமில்லை என்றும் சொன்னது. எனக்கு அப்போது முப்பத்தைந்து ஆகியிருந்தது.

கணவர் நாளிதழை மடித்து வைத்தார். "ஜெயிச்சிட்டீங்க போலருக்கே" என்றார்.

"யாரு?" என்று கேட்டேன்.

அவர் டையைக் கட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.