மெஹருன்னிசா யாருக்கும் உதவியாளர் அல்லர்

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது மெஹருன்னிசாவின் தம்பி யூசுப்பிடமிருந்து அழைப்பு வந்தது. "சேகர்ண்ணா, அக்கா நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்க" என்றான். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று தெரியும். ஆனாலும் தேறி வந்துவிடுவார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதைக்கூட அவர் தொடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், ஒரு நாளிதழில் கறுப்புக் கட்டம் கட்டி அஞ்சலி விளம்பரம் வந்தது. கொடுத்தவர் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துபவர். "எங்கள் கூடத்தின் உதவியாளர் மெஹருன்னிசாவின் மறைவுக்கு வருந்துகிறோம்." படித்ததும் என் துக்கம் எங்கோ போய்க் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. உதவியாளரா? யாருக்கு? பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் அவரோடு மேடை ஏறிய உங்களுக்கெல்லாம் உண்மை தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழவேற்காட்டிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டியில் பெயிண்ட்டும் போல்ட்டும் விற்கும் கடை வைத்த குடும்பம் அவருடையது. எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு, அவர் ஸாம்ப்ளர். எந்த ஒலியையும் பதிந்து வைத்துக்கொண்டு, ரப்பர் பட்டையைத் தட்டினால் அதே ஒலியைத் திருப்பித் தருகிற பெட்டி அது. கணினி தேவையில்லை. "மெஷின் வாசிக்குது, இந்தம்மா சும்மா நின்னுக்கினு இருக்குது" என்று சக கலைஞர்களே முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் பெட்டியில் ஒரு பாட்டை முழுதாக வாசித்துக் காட்டியதில்லை.

அதை வாங்க அவர் சென்னைக்குப் போனபோது நானும் உடன் போனேன். வாங்குவதும் வாசிப்பதும் அவர்தான் என்று சொன்ன பிறகும் கடைக்காரர் என்னைப் பார்த்தே விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஸாம்ப்ளர்களை எடுத்து வைத்தார். முதலாவது, அலமாரியில் செருகுகிற இரும்புப் பெட்டி. ஒலி அபாரம், ஆனால் வாசிக்கத் தனியாகக் கீபோர்டு வேண்டும். அடுத்தது சூட்கேஸ் அளவு. மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் ஒலிக்கும். கடைசியில் இருந்தது டிபன் கேரியர் அளவே. எப்படித் தட்டினாலும் ஒரே அளவில்தான் ஒலிக்கும்.

மெஹர் மூன்றிலும் கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னாம்மா பண்றீங்க?" என்று கடைக்காரர் பதறினார்.

"எங்க பக்கம் கரண்ட்டு சொல்லிக்கினா சார் போவுது?" என்றபடியே மறுபடி செருகினார்.

பெரிய பெட்டிகள் இரண்டும் ஏற்றி வைத்த ஒலிகளை இழந்திருந்தன. ஃப்ளாப்பியிலிருந்து மீண்டும் ஏற்றி முடிப்பதற்குள் ஒரு பாட்டே முடிந்துவிடும். சின்னது மட்டும் தன் மெமரி கார்டிலிருந்து உடனே பாடத் தொடங்கியது.

"அது காலேஜ் பசங்க வெளையாட வாங்கினு போறது" என்றார் கடைக்காரர், அப்போதும் என்னைப் பார்த்து.

"ஃப்ளாப்பியெல்லாம் எங்க ஊரு இரும்புத் தூசுல தாங்காது சார். இதையே கட்டுங்க. அப்பறம், வாங்குறது நானு. என்னப் பாத்துப் பேசுங்க" என்றார் மெஹர்.

அந்தப் பெட்டியின் குறைக்கு அவரே வழி கண்டார். ஒவ்வோர் ஒலியையும் மெல்ல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை பதிந்து, பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் வைத்துக்கொண்டார்.

கவரைப்பேட்டைக்கு அருகே தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜைக் கச்சேரி. இயந்திரங்களை நிறுத்திப் பொட்டு வைப்பதற்கு முன்பே மெஹர் அங்கே போய்விட்டார். மேலாளரிடம் அனுமதி கேட்டு, அழுத்து இயந்திரத்தின் அருகே தரையில் படுத்தபடி மைக்கை நீட்டி அதன் இடியைப் பதிந்தார். மாலையில் குத்துப்பாட்டின் நடுவே அந்த இடி தாளமாக விழுந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு தொழிலாளி எழுந்துவிட்டார். "டேய், நம்ம பிரஸ்ஸுடா இது! நம்ம பிரஸ்ஸு பாடுதுடா!" பிறகு ஒருவரும் உட்காரவில்லை. பாதியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்ததும் என் கீபோர்டுக்கு முன்பே மெஹரின் பட்டைகள் தயாராகிவிட்டன.

அந்தக் கச்சேரிக்கு விருந்தாளியாக வந்தவர்தான் மேற்படி கூடத்து உரிமையாளர். பாராட்டினார், சென்னைக்கு அழைத்தார், ஒரு விளம்பரப் பாட்டுக்கு வாசிக்கச் சொன்னார். மெஹர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய கார்டிலிருந்த ஒலிகள் முழுவதையும் நகலெடுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் கடைகளுக்கு ஒரு சி.டி. வந்தது. தொழிற்சாலை இடி, பழவேற்காட்டுப் படகு எஞ்சின், அவர் அப்பா கடையின் ஷட்டர் எல்லாம் அதில் இருந்தன. உறையில் தாள அமைப்பு என்று உரிமையாளரின் பெயர்.

மெஹர் நேரே அவர் கூடத்துக்குப் போனார், கூடவே நானும். உரிமையாளர் சிரித்தார். "சத்தத்துக்கு யாராவது பட்டா வாங்கி வெச்சிருக்காங்களாம்மா?"

"பட்டா இல்ல சார். ஆனா மைக்க புடிச்ச கையும் என்னுது, கேட்ட காதும் என்னுது. பேரு மட்டும் உங்களுதா?"

அவர் என் பக்கம் திரும்பி, "இட்டுக்கினு போங்க சார், பேஜார் பண்றாங்க" என்றார். மெஹர் நகரவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் இணைத்து, அந்த சி.டி.யில் இருந்த ஒரு பாட்டின் தாளத்தை முதலிலிருந்து கடைசிவரை கையாலேயே வாசித்தார். ஒலிப்பதிவுக்காகக் காத்திருந்த பாடகிகள் எழுந்து வந்து நின்றார்கள். "அப்போ இது இவங்களுதா?" என்று ஒருத்தி உரக்கவே கேட்டாள். அடுத்த பதிப்பில் பெயர் போடுவதாக உரிமையாளர் சொன்னார். அடுத்த பதிப்பும் வந்தது. பெயர் வரவில்லை.

இனி ஒரு சத்தத்தையும் வெளியே விடமாட்டார் என்று நினைத்தேன். மெஹர் செய்தது வேறு. மாவட்டத்தில் எந்தக் குழு கேட்டாலும் தன் ஒலிகளை நகலெடுத்துக் கொடுத்தார். மேடையில் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. "கேட்டு வாங்குனா குடுக்கப் போறேன். திருடுறதுக்கு இன்னா அவசியம்?" என்பார். அதனால்தான் நம் ஊர்க் கச்சேரிகளில் அவர் பெயரை இத்தனை பேர் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரைத்தான் இந்த மனிதர் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் தனக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். "செத்தவங்களுக்காக எதுக்கு சார் சண்ட?" என்றார். உயிரோடு இருந்தபோது அவர் போட்ட சண்டைக்கே இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கண்கள் மஞ்சளாகி, கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த மூதாட்டியிடம் வார்டு ஊழியர், "ஏ கெழவி, எழுந்து ஒக்காரு" என்று கத்தினார். பேசவே தெம்பில்லாமல் இருந்த மெஹர் தலையைத் தூக்கினார். "அவங்க பேரு தனம்மா. பேரச் சொல்லிக் கூப்புடுப்பா." ஊழியர் குரலைத் தாழ்த்தி, "தனம்மா, எழுந்திரும்மா" என்றார்.

அவருடைய ஒலிகள் யூசுப்பிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு அவன் கொடுப்பான். நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்த அவருடைய கோபத்தை. அது இன்னும் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.