கராஜுக்கு வாங்கிய விளக்கு

வெளிநாடு வந்து நாங்கள் குடியேறிய வெரிபீயில், வீட்டுக்குள் மீன் பொரித்தால் வாடை நாள்கணக்கில் போகாது. அதனால் பொரிப்பதெல்லாம் கராஜில்தான். குளிர் வந்ததும் அங்கிருந்த பழைய டியூப்லைட் மினுக்க ஆரம்பித்தது. ஒருநாள் அது பட்டென்று அணைய, மனைவியின் கை கொதிக்கிற எண்ணெயில் பட இருந்தது. மறுநாளே கடைக்கு ஓடினேன்.

விளக்கு வரிசையில் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். ஒவ்வொரு பெட்டியையும் எடுக்கும் முன் உள்ளங்கையில் ஊதிக்கொண்டார். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு அருகில் வந்தார்.

"எங்க தம்பி போடப் போறீங்கள்?"

"கராஜுல அங்கிள். கார் நிறுத்தத்தான்." சமையல் என்று சொல்லக் கூச்சம்.

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு பெட்டியை நீட்டினார். "இந்த எல்.இ.டியை எடுங்கோ. எவ்வளவு குளிரெண்டாலும் உடன எரியும். மூடி இருக்கு, எண்ணெய்ப் புகை உள்ளுக்குப் போகாது. முதுகுப் பக்கம் போடாதேங்கோ, உங்கட நிழல் தாச்சிக்குள்ள விழும்."

"தாச்சியா? வாணலியைச் சொல்றீங்களா?"

"மீன்தானே பொரிக்கிறனீங்கள்?" என்று சிரித்தார். "சரி, போயிட்டு வாறன்." வெறுங்கையோடு போய்விட்டார்.

மாலையில் சுவிட்சைத் தட்டியதும் கராஜ் பளிச்சென்றானது. மனைவி பயமில்லாமல் முதல் துண்டை எண்ணெயில் போட்டாள். "அந்த அங்கிளுக்கு ரெண்டு துண்டு குடுக்கணும்ங்க. யாரு அவரு?"

தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதும் புரியவில்லை. கடைக்குப் போட்டுப் போன ஜாக்கெட்டைக் கழற்றி, வழக்கம்போல் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டப் போனேன். அப்போதுதான் அதிலிருந்து மூக்கில் ஏறியது, போன வாரத்து மத்தி வாடை.