மாட்டுச் சந்தையில் பூட்டாத கார்

1975. மெல்பேர்னுக்கு வெளியே ஒரு மாட்டுச் சந்தை. காரை விட்டு இறங்கியதுமே, இந்தப் பகுதியில் மாட்டு வைத்தியனாக இருக்கும் என் நண்பன் யோகன் கத்துகிறான்.

"காரைப் பூட்டு!"

"இங்கையும் கள்ளரோ?"

"ஒண்டும் எடுக்கமாட்டினம். பண்ணைக்காரர் விக்காத கண்டுக்குட்டியை உள்ள விட்டிட்டுப் போயிடுவினம். ஜப்பான்காரன் இறைச்சி வாங்கிறதை நிப்பாட்டின பிறகு விலை விழுந்திட்டுது. அரசாங்கம் குடுக்கிற கடன் தீனிக்கே காணாது. விக்காட்டி சுட்டுக் கொல்லவேணும். வளர்த்ததைச் சுட ஆருக்கு மனம் வரும்?"

பகிடி விடுகிறான் என்று நினைத்து, பூட்டாமலே அவன் பின்னால் நடக்கிறேன்.

திரும்பி வந்தால், பின் இருக்கையில் செந்நிறக் கன்று ஒன்று படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பால்போத்தல். தொட்டுப் பார்க்கிறேன். பால் இன்னும் ஆறவில்லை.