சாலையோர நாற்றங்கால்

"சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதானடி உன்னைப் படிக்க வச்சோம்? இப்ப ஊரான் வீட்டுப் புள்ளைங்களைச் சேத்துல இறக்கிவிடப் போறேங்கிற. அதுக்கு எதுக்கு ஒரு டிகிரி?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளும் அப்பாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே தஞ்சாவூர் போய்ப் பட்டம் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் ஆசிரியையாகச் சேர்ந்தது வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு மாண்டிசோரி பள்ளியில். அங்கே சின்னப் பிள்ளைகள் மணிகளையும் மரக்கட்டைகளையும் கையில் எடுத்துக் கணக்குப் படித்தார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு அது போதாது. அந்த வயதில் நிஜமான வேலை வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது அந்த முறை. எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. பள்ளியில் நான் நிறைய மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு முடிவைக்கூட நானாக எடுத்ததில்லை.

பள்ளிக்குப் பின்னால் துண்டு நிலம் ஒன்றைத் தாளாளர் அம்மா ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார். "தாளடிப் பட்டம் வருது, நெல் நாத்து விடுங்க. கூட்டத்துக்கு வர்ற பெத்தவங்க பார்க்கட்டும். பாதிப் பேர் வேண்டாம்னு சொன்னா, நிலத்தை விட்டுட்டு வகுப்புக்குள்ள போயிடணும். சரியா?" என்றார். சரி என்றேன்.

என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்றங்காலுக்கு இடம் தேடினார்கள். தெருவுக்குத் தெரிகிற மாதிரி சாலையோர மூலையில்தான் போட வேண்டும் என்றாள் ஒரு பெண். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார், கூட்டத்துக்குள் லீவில் வருவதாக இருந்தார். "அப்பா வண்டியில வர்றப்பவே பச்சையாத் தெரியணும்க்கா." எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

அந்த மூலை பள்ளம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, வயலில் வளர்ந்தவள் இல்லையா. ஆனால் அவர்கள் முடிவை நான் மாற்றக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்பதுதான் அங்கே வழக்கம். "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். "வடிகாலுக்குத்தான் போகும்க்கா, வேற எங்க போகும்?" என்றான் ஒரு பையன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். விதை நெல்லை ஊறவைத்து, முளைகட்டி, தெளித்தார்கள்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, நாலைந்து நாள் விடவில்லை. வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"புள்ளைங்க விதை போயிருக்குமே?" என்றாள் அம்மா.

"போயிருக்கும்."

"தெரிஞ்சேவா விட்ட?"

"ஆமா."

"நல்லா இருக்குடி உன் வாத்தியார் வேலை."

மழை விட்டதும் போய்ப் பார்த்தால், விதையெல்லாம் ஒதுங்கி ஒரு ஓரமாக மக்கிக் கிடந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் அது. ஓரிரு பிள்ளைகள் அழுதார்கள். கடையில் நாற்று வாங்கி வந்து ஊன்றிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான் அதே பையன். அவர்களே வெகுநேரம் சண்டை போட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நிலம் கையைவிட்டுப் போனாலும் நான் தோற்கவில்லை என்று. ஆனால் விட்டுக்கொடுக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

கூட்டத்தில் சிங்கப்பூர் அப்பாதான் முதலில் எழுந்தார். "நான் அங்க வெயில்ல காயறேன் டீச்சர். எம் பொண்ணு ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை பார்க்கணும்னுதான் காயறேன். இங்க பார்த்தா அவளும் வெயில்லதான் நிக்கிறா. அதுவும் ஒரு பயிராவது வந்துதா? வெறும் சேறு."

"அந்த இடத்தைச் சொன்னது நான்தான்ப்பா," என்றாள் அவர் மகள். "நீங்க பார்க்கணும்னு ரோட்டோரமா போட்டோம். அது பள்ளம். நேத்து டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பார்த்தோம். பின்னாடி மூலைதான் மேடு. அங்க திரும்ப விடப் போறோம்."

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். "எங்க வீட்டுக்காரரு வருஷா வருஷம் எங்க வயல்ல ஒரே பள்ளத்துலதாங்க நாத்து விட்டு அழுக வைக்கிறாரு. ஒரு நாளாவது தப்புன்னு ஒத்துக்கிட்டிருப்பாரா?" பக்கத்திலிருந்த அவர் கணவர், "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார். கூட்டமே சிரித்தது.

நானும் எழுந்தேன். "அந்த இடம் பள்ளம்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல. சொல்லியிருந்தா நாத்து வந்திருக்கும், நேத்து அவங்க கத்துக்கிட்டது வந்திருக்காது. இன்னொரு தடவை விட அனுமதி குடுங்க."

இரண்டு குடும்பங்கள் அன்றே டி.சி. கேட்டன. தாளாளர் அம்மா கை தூக்கச் சொன்னபோது, நிலம் இருக்கட்டும் என்றவர்கள் பாதிக்கும் மேல் இருந்தார்கள். சிங்கப்பூர் அப்பா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. வெளியே போகும்போது மகளைக் கூப்பிட்டு, "மட்டம் பார்க்கிறப்ப டியூப்ல காத்துக் குமிழ் இருந்தா தப்பாக் காட்டும், பார்த்தியா?" என்று கேட்டார். அவள் பார்க்கவில்லை. மறுபடி அளந்தார்கள், அவரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்மூலைதான் மேடு, ஆனால் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை. அதனால் பாத்தியை உயர்த்தினார்கள்.

அங்கே விட்ட நாற்று சாலையில் போகிற யாருக்கும் தெரியவில்லை. நன்றாக வந்தது. நட்டார்கள், களை எடுத்தார்கள், மாசியில் அறுத்தார்கள். விளைச்சல் ரொம்பச் சுமார்தான். அம்மா வந்து ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்துவிட்டு, "பதர் ஜாஸ்தி" என்றாள். அவள் மனம் இன்னும் மாறவில்லை. மாறும் வரை நான் காத்திருக்கப் போவதும் இல்லை.

குத்தகை ஒரு போகத்தோடு முடிந்துவிட்டது. பிள்ளைகளோ எட்டாம் வகுப்பிலும் நிலம் வேண்டும், அடுத்த போகமான குறுவையும் போட வேண்டும் என்கிறார்கள். தாளாளர் அம்மாவிடம் போய் ஏழு, எட்டு இரண்டு வகுப்புகளையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நிலக்காரர் வீட்டுக்கு நானே போய் மூன்று வருஷத்துக்குப் பேசி, குத்தகைப் பத்திரத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். போன வாரம் டிராக்டர் வந்து கோடை உழவு ஓட்டிவிட்டுப் போனது.